‘பத்து நாள்ல மறந்துடும்’ என்று சொல்லிவிட்டேன்

வணக்கம் மேடம்.

எனக்கு 57 வயது, கணியம்பாடி பக்கத்தில் கிராமம். ராணுவத்தில் 24 வருடம் இருந்துவிட்டு 2012இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். எங்கள் பக்கம் மிலிட்டரி என்பது புதுசே இல்லை, தெருவுக்கு நாலு பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். என் மகனும் 2019இல் சேர்ந்தான், மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் அவனுடைய கசம் பரேடுக்கு (பயிற்சி முடித்து உறுதிமொழி எடுக்கிற அணிவகுப்பு) நானும் அவன் அம்மாவும் போய் உட்கார்ந்து அழுதோம், சந்தோஷத்தில்தான். இப்போது 26 வயது. ஒன்றரை வருடமாக ராஷ்ட்ரீய ரைஃபிள்ஸில், காஷ்மீரில் குப்வாரா பக்கம்.

போன மாசம் லீவில் வந்தான். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே சரியில்லை. அணைக்கட்டில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருந்தோம், பெண் பி.எஸ்சி. நர்சிங். போட்டோவைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவன்தான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான். சாயங்காலமானால் கேன்டீன் ரம். நானும் குடித்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பெற்ற அப்பன் எதிரில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. அவன் அம்மா முள்ளு கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான்.

சந்தையில் ஒரு கிழவியின் மல்லாட்டை மூட்டையை வியாபாரி எடை குறைத்துப் போட்டான் என்று அவனை எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டான். வியாபாரி என்றால் அப்படி இப்படித்தான் இருப்பான், இவனுக்கு என்ன வந்தது? நான்தான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு வந்தேன். ஆகஸ்ட் 15க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஊரில் என்னைக் ‘கார்கில்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், என் பிள்ளைக்கு இதுகூடவா முடியாது? 1806லேயே வேலூர்க் கோட்டையில் சிப்பாய் எழுந்த மண் இது, அந்தக் கோட்டைக்குப் பத்து மைல் தள்ளிப் பிறந்தவன் இப்படிச் சுருண்டு கிடந்தால் எப்படி?

பேத்தி யு.கே.ஜி. படிக்கிறாள் (மாப்பிள்ளை ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் இருக்கிறார், மகளும் பேத்தியும் எங்களோடுதான்). தினமும் காலையில் அந்தக் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டுகிறேன் என்று உட்காருவான். கட்டுவான், அவிழ்ப்பான், திரும்பக் கட்டுவான். வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். சொன்னாலும் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறான்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லாமல் மாடியில் படுத்திருந்தோம். “ஏம்பா, நீ சுட்டவனக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கியா?” என்று கேட்டான். அவன் சுட்ட ஆளுக்கு ஷூவில் லேஸ் இல்லையாம், சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தானாம். “பார்த்திருக்கேன், பத்து நாள்ல மறந்துடும், தூங்கு” என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. (நான் இருந்தது சப்ளை கோரில், வண்டி ஓட்டினேன். 1999இல் சோஜி லா கணவாய் தாண்டி ஆட்டாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனதுதான். ரேஞ்சைத் தவிர வேறெங்கும் துப்பாக்கி சுட்டதில்லை. அது இங்கே முக்கியமில்லை.)

லீவு முடிய இன்னும் 18 நாள் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினால் கேட்டகரி ஆக்கிவிடுவார்கள் (மருத்துவத் தகுதியைக் குறைத்துவிடுவார்கள்), புரமோஷன் போய்விடும். அவனைக் கல்யாணத்துக்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது, குடியை எப்படி நிறுத்துவது என்று சொல்லுங்கள்.

— ஒரு தகப்பன்

*

அன்புள்ள ஐயா,

கல்யாணத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ரம்மை இரண்டு இடத்தில், ஊர் என்ன நினைக்கும் என்பதை வரிக்கு வரி. அதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள், அடைப்புக்குறிக்குள் போட்டு ‘அது இங்கே முக்கியமில்லை’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கு அது மட்டும்தான் முக்கியமாகப் படுகிறது.

உங்கள் மகன் அன்றைக்கு ஏன் உங்களிடம் கேட்டான்? பட்டாலியனில் கேட்டிருக்கலாம், அங்கே அவனைப்போல இருபது பேர் இருப்பார்கள். ஆனால் அங்கே கேட்டால் பயந்துவிட்டான் என்று பேர் வரும். ‘கார்கில்காரர்’ ஒருவர் வீட்டிலேயே இருக்கிறாரே, அவருக்குத் தெரியும், அவர் சிரிக்கமாட்டார் என்று அங்கிருந்து அந்தச் சணல் கயிற்றைச் சுமந்துகொண்டு வந்து உங்கள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான். நீங்கள் ‘பத்து நாள்’ என்றீர்கள். பத்து நாள் போய்விட்டது, பல மாசமும் போய்விட்டது, அவனுக்கு மறக்கவில்லை. அப்படியென்றால் அவன் எந்த முடிவுக்கு வருவான்? அப்பாவுக்கு மறந்தது, எல்லோருக்கும் மறக்கிறது, கோளாறு எனக்குத்தான். நீங்கள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டீர்கள் ஐயா. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

போரிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விதக் காயம் வரும். ஒன்று பயத்தால் வருவது: பட்டாசு வெடித்தால் தூக்கிப்போடும், தூக்கத்தில் அலறுவார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை 1980இல் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்னொன்று மனசாட்சியில் படுகிற காயம். ஜோனதன் ஷே என்று ஒரு மருத்துவர், வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பியவர்களுக்குப் பாஸ்டனில் பல வருடம் வைத்தியம் பார்த்தவர், இதற்கு அறக்காயம் என்கிற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். அவர் அதிகம் பேசியது, நம்பியிருந்த மேலதிகாரி சரியானதைச் செய்யாமல் விடும்போது சிப்பாய்க்குள் என்ன உடைகிறது என்பதைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் சிப்பாய் தன் கையாலேயே செய்தது, பார்த்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் இதில் சேர்த்தார்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அவனுக்கு இதுதான் என்று நான் முத்திரை குத்தமுடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எனக்கு இரண்டாவதைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

அவன் ரெஜிமென்ட்டின் முழக்கத்தை நீங்களும் அந்தப் பரேடில் கேட்டிருப்பீர்கள், ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’. பயிற்சி என்பதே கை முந்திக்கொள்வதற்காகத்தான், யோசித்துக்கொண்டு நின்றால் அவனும் செத்தான், பக்கத்தில் இருப்பவனும் செத்தான். ஆனால் முந்திய கைக்குப் பின்னால் மனசு மெதுவாக நடந்து வந்து சேர்கிறது. சட்டம் அவனை ஒன்றும் கேட்காது, செய்தது கடமை என்று அவனுக்கே தெரியும், ஒருவேளை பாராட்டும் கிடைத்திருக்கும். எதிரி என்று சொல்லிக்கொடுத்த ஒருத்தன் லேஸ் வாங்கக் காசில்லாத ஒரு பையனாகக் கண்ணில் பட்டுவிட்டான், இனி அதை எப்படிப் பார்க்காத மாதிரி இருப்பது?

இப்போது நீங்கள் வரிசையாக அடுக்கிய குற்றங்களைத் திரும்பப் பாருங்கள். பெரிய கணக்கு ஒன்று உள்ளே தீராமல் கிடக்கிறவனுக்குச் சின்ன அநியாயம்கூடத் தாங்காது, வியாபாரி அறை வாங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன் (அறைந்தது தப்புதான், ஆனால் கிழவியின் மூட்டையில் எடை குறைந்ததும் தப்புதானே, அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை). கொடியேற்ற மறுத்ததில் தேசத்தின் மீது வெறுப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகள் கை தட்டும்போது எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஷூ லேஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்களே அந்த இரண்டு பத்தியையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

கோட்டையைச் சொன்னீர்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சிப்பாய்கள் எழுந்தது எதற்காக? தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. எத்தனையோ சண்டைக்குக் கட்டளைப்படி போனவர்கள், இதைமட்டும் செய்யமாட்டோம் என்று ஒரு கோடு போட்டு நின்றார்கள். உங்கள் மகனுக்குள்ளும் அந்தக் கோடு அழியாமல் இருக்கிறது. நீங்கள் அதைச் சுருண்டு கிடப்பது என்கிறீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள். நான் யாரையும் சுட்டதில்லை, உனக்கு வந்தது எனக்குத் தெரியாது, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று. உங்களுக்கு அது மானக்கேடாகத் தெரியும், எனக்குப் புரிகிறது, இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பட்டத்தோடு வாழ்ந்திருக்கிறீர்கள். ஆனால் 1999இல் திராஸ் பக்கம் அந்த நெடுஞ்சாலையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அதில் மண்ணெண்ணெய் ஏற்றிய லாரியை ஓட்டிப் போன மனிதருக்கு ஸ்டீயரிங்கில் கை எப்படி இருந்திருக்கும்? அதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? சுட்ட கதை உங்களிடம் இல்லை, பயந்த கதை இருக்கிறது, அது உங்கள் சொந்தக் கதை. அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். நாட்டுக்காகத்தானே என்று ஆரம்பிக்காதீர்கள், அதெல்லாம் அவன் ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பான். ஒன்றைமட்டும் நேராகக் கேளுங்கள்: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள், கேட்டகரி, புரமோஷன் எல்லாம் அப்புறம். கேட்டகரி பயம் நிஜமானதுதான், நான் மறுக்கவில்லை, ஆனால் தற்காலிகமாகக் கொடுத்து, திரும்பப் பரிசோதித்து, பழையபடி ஏற்றுவதும் உண்டு என்பது 24 வருடம் இருந்த உங்களுக்குத் தெரியாததா? வேலூர் பாகாயத்தில் இருக்கிற சி.எம்.சி. மனநல மையத்தில் 1957இலிருந்தே குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கி வைத்தியம் பார்க்கும் வழக்கம் உண்டு, உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில்தான். ராத்திரி நேரத்தில் பேச 14416 இருக்கிறது, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். 2023 டிசம்பரிலிருந்து ராணுவத்தினருக்கென்றே அதில் தனிப்பிரிவும் உண்டு. ரம்மை அந்த மருத்துவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பாட்டிலோடு சண்டை போடவேண்டாம்.

கல்யாணத்தை இந்த லீவில் விட்டுவிடுங்கள். கட்டுகிற கால்கட்டு அவனுக்கு மட்டுமில்லை, அணைக்கட்டில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கும்தான்.

இன்றைக்கு ராத்திரி கரண்ட் இருந்தாலும் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு நீங்கள் முதலில் போங்கள். காலையில் அவன் லேஸ் கட்டும்போது சத்தம் போடவேண்டாம். வேன் போனால் போகட்டும், பேத்தியை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் நிற்கவைத்து நீங்களே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.