எத்தனை கொப்பி வேண்டும்?

அன்புள்ள ஐயா,

பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஏழு வருடமாக டயரி எழுதுகிறேன். அப்பாவின் சீனி அளவு, கடைக் கடன், வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு, ராத்திரி அழுதது எல்லாம் ஒரே கொப்பிக்குள்தான். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் சீனி அளவுகளைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன். பக்கத்தில் இருந்த அப்பா எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று கை நடுங்கியது. வந்ததும் ஐந்து கொப்பி வாங்கினேன்: நன்றி, செலவு, பாடசாலை, கனவு, உடம்பு. மூன்று வாரத்தில் ஐந்தும் நின்றுவிட்டன. எதை எதில் எழுதுவது என்று யோசித்தே நேரம் போகிறது. பழையபடி ஒன்றுக்கே திரும்பிவிடவா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தவர். மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த கிலோவை, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, என் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதிவிடுவார். முழுப்பேரா, அரைப்பேரா என்று பக்கத்தில் போடுவார். (ஒரு நாள் கூலியை எங்கள் பக்கம் பேர் என்போம்.) சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்த கிலோவும் இருக்கும். இடம் மிஞ்சினால் அன்றைக்கு மனதில் கிடந்ததையும் அதே வரியில் எழுதிவிடுவார்.

ஒரு மாதம் சம்பளத் துண்டில் மூன்று பேர் குறைந்திருந்தது. கொப்பியைக் கொண்டு வா, கணக்கப்பிள்ளையிடம் காட்டிக் கேட்போம் என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்து நின்றார். அம்மா கொடுக்கவில்லை. எங்கோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொப்பி அரிசிப் பெட்டிக்குள் இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போன வார்த்தைகளை அந்த மூன்று நாட்களுக்கு நேரேதான் எழுதியிருந்தார். அது ஆபீசுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் பத்து லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கும்) போய்விடும். மூன்று நாள் கூலி போனது போனதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், ஒன்றுக்கே திரும்பிப் போகாதீர்கள். ஆனால் நன்றி, கனவு, உடம்பு என்று விஷயத்தை வைத்துப் பிரித்தால் நிலைக்காது. மனதுக்குள் அவை தனித்தனியாக வருவதில்லையே. அப்பாவின் சீனி கூடினால் உங்களுக்குப் பயம் வருகிறது, செலவு வருகிறது, அன்றிரவு கனவும் வருகிறது. அதை எந்தக் கொப்பியில் எழுதுவீர்கள்? இந்தக் கொப்பியை யார் கையில் கொடுப்பேன் என்று மட்டும் கேளுங்கள். பிரிக்க வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போனபோது, கரையில் இறங்கினால் சட்டைப்பைக்குள் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருந்தார். கப்பலில் நாட்குறிப்பு தனி, நிலவியல் தனி, விலங்கியல் தனி. நாட்குறிப்பை வீட்டார் படிக்கட்டும் என்று பகுதி பகுதியாக ஊருக்கு அனுப்பினார். ஊர் திரும்பியபின் 1837இல் இன்னொன்றைத் தொடங்கினார். உயிரினங்கள் மாறுகின்றன என்ற எண்ணத்தை அதில்தான் எழுதிப் பார்த்தார். அந்த எண்ணம் புத்தகமாக வந்தது 1859இல். ஊருக்கு அனுப்பிய நாட்குறிப்பிலேயே இதையும் எழுத வேண்டியிருந்தால், அத்தனை துணிச்சலாக எழுதியிருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

உங்கள் வீட்டில் ஒரு தனிக் கொப்பி ஏற்கெனவே இருக்கிறது, கவனித்தீர்களா? அப்பாவின் கிளினிக் கொப்பி. அதற்குப் பின்னாலேயே வீட்டில் பார்க்கும் அளவுகளை எழுதுங்கள். திகதி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு. வேறு ஒரு சொல்லும் வேண்டாம்.

அப்புறம் குடும்பத்துக்கு ஒன்று. இதை நம் சனம் எல்லாரும் வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 1948இல் மலையகத் தமிழரான நம்மில் பெரும்பாலோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை போனது. அதைக் கேட்டு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன்னால் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கல்யாணமானவர் என்றால் 7 ஆண்டு, ஆகாதவர் என்றால் 10 ஆண்டு. எந்த வருடம் எந்தத் தோட்டம், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்று காட்டக் கடதாசி இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். பிறப்புப் பதிவு இலக்கம், கல்யாணத் திகதி, எந்த லயத்தில் எப்போதிருந்து குடியிருப்பு, எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். நாளைக்கு கிராம சேவகரின் மேசையில் கூசாமல் விரித்து வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைக் கடனுக்கும் அதன் கடைசிப் பக்கங்கள் போதும்.

மூன்றாவது உங்களுக்கே உங்களுக்கு. அழுகை, சண்டை, கனவு, நன்றி எல்லாம் அதில் கலந்து கிடக்கட்டும். தலைப்பும் வேண்டாம், ஒழுங்கும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிய குறிப்புதான் என்னை யோசிக்க வைத்தது. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பாட்டியோடு இருக்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் பேசாமல் இருக்கிறது என்று எழுதுவீர்கள். அது உங்கள் ரகசியம் இல்லை, அந்தப் பிள்ளையுடையது. அதிபரோ பெற்றோரோ பார்க்கக்கூடியதை மட்டும் பாடக் குறிப்போடு வையுங்கள். மற்றதை உங்கள் கொப்பியில் பெயர் போடாமல் எழுதுங்கள். உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும்.

நம் ஊர் மழைக்கு ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் பலவற்றின் மை பரவிவிடும். போல்பொயின்ட் பேனாவோ பென்சிலோ நல்லது. சுவரை ஒட்டி அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பழைய ஏழு வருடக் கொப்பிகளைப் பிரித்து எழுத உட்காராதீர்கள். அவை அப்படியே இருக்கட்டும். கடைசி ஒரு மாதத்துச் சீனி அளவுகளை மட்டும், அடுத்த கிளினிக்குக்கு முன்னால், அப்பாவை வாசிக்கச் சொல்லாமல் நீங்களே பார்த்து எடுத்து எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்