கொட்டின காபி, கூடங்குளம், பீடிக்கடை பாஸ்புக்: இழப்பீட்டு வரம்பு பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு வைக்கலாமா என்பதைச் சுற்றியே இருந்தன. ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் காபி கொட்டியதற்கு ஒரு பாட்டி கோடிக்கணக்கில் வாங்கினாராமே? "இப்படிக் கேஸ் போட்டதால்தான் வரம்பு வைத்தார்கள்" என்கிறான் கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன். நம் ஊரிலும் வைத்தால் நல்லதுதானே அண்ணாச்சி? – பாளையங்கோட்டை வாசகர்

மகன் சொன்னதில் வருஷமே இடிக்கிறது. காபி கொட்டியது 1992-ல். கலிபோர்னியா மருத்துவத் தவறு வழக்குகளில் நஷ்ட ஈட்டுக்கு வரம்பு வைத்தது 1975-ல்.

காபி கதையையும் முழுசாகக் கேளுங்கள். அல்புகர்க்கி நகரத்தில், நின்றுகொண்டிருந்த காருக்குள் 79 வயது மூதாட்டி ஒருவர் கோப்பையின் மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டியது. வெந்த இடத்தில் உடம்பின் வேறு பகுதித் தோலை எடுத்து ஒட்டும்படி ஆனது. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். மெக்டொனால்ட்ஸ் தருவதாகச் சொன்னது 800. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் காபி சுட்டதாக 700-க்கும் மேற்பட்ட புகார்கள் அந்த நிறுவனத்துக்குப் போயிருந்தன. 1994-ல் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, பாட்டி மேலும் 20 சதவீதத் தவறு என்று கழித்துக்கொண்டு 1,60,000 டாலரும், நிறுவனத்துக்குத் தண்டனையாக 27 லட்சம் டாலரும் போட்டது. நீதிபதி அந்த 27 லட்சத்தை 4,80,000 ஆக வெட்டினார். கடைசியில் இரு தரப்பும் ரகசியமாகச் சமரசம் ஆகிவிட்டார்கள். ஊர் வாயில் நின்றது 27 லட்சம் மட்டும்.

கலிபோர்னியாவின் 2,50,000 டாலர் வரம்பு வலி, வேதனைக்கான தொகைக்கு மட்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் வரம்பு இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளமே இல்லாத குழந்தைக்கும் வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கும் வயசாளிக்கும் அந்த வலிக்கான தொகைதானே பெரிய பங்கு? கை வைத்தது அங்கேதான். விலைவாசி எங்கேயோ போன பிறகும் அந்தத் தொகை 2022 வரை அசையவில்லை. 2023 முதல்தான் படிப்படியாக ஏறுகிறது. இல்லினாய், ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றங்கள் இதுபோன்ற வரம்புகளை 2010-ல் ரத்தே செய்துவிட்டன.

இங்கே ஜூரி கிடையாது. ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்ள பார் கவுன்சில் விதி விடாது. ஒரு கோடி கேட்டு சிவில் வழக்குப் போட, தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது மூன்று லட்சம், முதலிலேயே கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். 2017 வரை அது ஏழரை சதவீதம். நமக்கு வரம்பு வாசலிலேயே இருக்கிறது அண்ணாச்சி.

நான் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். கோடிகளில் தீர்ப்பு வந்தால் எங்களைப் போன்றவர்கள் பிழைக்க முடியுமா? – ஒரு டாக்டர், திருநெல்வேலி ஜங்ஷன்

உங்கள் பயம் புரிகிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் மருத்துவத் தவறுக்குக் கிட்டத்தட்ட 6 கோடி போட்டதாக எல்லாரும் சொல்லிக் காட்டும் அந்த 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இறந்தவர் அமெரிக்காவில் சம்பாதித்த குழந்தைகள் மனநல நிபுணர் என்பதால் அவ்வளவு பெரியதாக வந்தது. உங்கள் நோயாளிகளில் அப்படி எத்தனை பேர்? வரம்பு கேட்பதைவிட, தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ் எடுங்கள். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, அதான் கேஸ் ஷீட்டை, ஒழுங்காக எழுதுங்கள். நான் பார்த்த கேஸ்களில் டாக்டர்கள் பலர் தோற்றது சிகிச்சையால் அல்ல, எழுதாமல் விட்ட குறிப்பால்.

பீடி சுற்றும் என் அக்கா, வயது 42, நாலு மாசத்துக்கு முன் ஆலங்குளம் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டாள். "சட்டத்தில் அஞ்சு லட்சத்துக்கு மேல் கிடையாது" என்று ஓர் ஏஜென்ட் அத்தானிடம் கையெழுத்து கேட்கிறார். – முக்கூடல் வாசகி

போடாதீர்கள் அம்மா. அவர் சொல்வது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் கிடைக்கும். நிரூபிக்கும் சிரமம் இல்லை, பதிலுக்குத் தொகைக்கு வரம்பு. தவறு லாரி மேல் என்று காட்ட முடிந்தால் 166-வது பிரிவில், விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்ற இழப்பீட்டு மனு போடலாம். அதில் உச்சவரம்பே இல்லை. 2016-ல் வந்த திருத்த மசோதா, மரணத்துக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு 10 லட்சத்தோடு சரி என்று வைக்கப் பார்த்தது. 2019-ல் சட்டம் ஆனபோது அது இல்லை. அந்த மசோதாவில் குடும்பங்களுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

கணக்கு இப்படிப் போகும். வீட்டு வேலையையும் சேர்த்து மாதம் 10,000 என்று தீர்ப்பாயம் ஏற்றதாக வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டினால் 12,500. அத்தான், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நாலு பேர் நம்பியிருந்தால் அக்காவின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 9,375. வருஷத்துக்கு 1,12,500. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 42 வயதுக்கு அது 14. ஆக 15,75,000. இதற்கு மேல் ஈமச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கு என்று சில தொகைகள் வரும். அவற்றை 2017-ல் உச்ச நீதிமன்றமே 15,000, 40,000 என்று வரம்பு கட்டிவிட்டது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். துக்கத்துக்கு வரம்பு கலிபோர்னியாவில் மட்டும் இல்லை பாருங்கள்.

பீடிக்கடை பாஸ்புக், பி.எஃப். சீட்டு, தொழிலாளர் அடையாள அட்டை மூன்றையும் தேடி எடுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன, அதை நம்பி உட்கார வேண்டாம். குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பட்டுப்பாய் பார்சலில் தொலைந்துவிட்டது. ரசீதில் "பொறுப்பு 500 ரூபாய் மட்டும்" என்று இருக்கிறது. – சேரன்மகாதேவி

கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் கஷ்டம்; அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போடாமல், பொடி எழுத்தில் அச்சடித்தது மட்டும் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மல்லுக்கட்டலாம். அடுத்த முறை பொருளின் மதிப்பை எழுதிக் காப்பீடு செய்து அனுப்புங்கள்.

கூடங்குளத்தில் விபத்து நடந்தால் எங்களுக்கு இவ்வளவுதான் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறார்களாமே? – இடிந்தகரை

ஆமாம். அணு விபத்து நஷ்ட ஈட்டுக்கான 2010 சட்டம், அணுமின் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயோடு நிறுத்தியது. அதற்கு மேல், ஒரு மொத்த வரம்பு வரை, அரசு தர வேண்டும். பதிலுக்கு யார் மேல் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. முக்கூடல் அம்மாவின் 5 லட்சம் மாதிரிதான், அளவுதான் வேறு. நஷ்ட ஈடு கேட்க, சொத்து இழப்புக்குப் பத்து வருஷம், உடல் பாதிப்புக்கு இருபது வருஷம் கெடு. கதிர்வீச்சு நோய் காலண்டர் பார்த்து வருவதில்லை என்பதுதான் இதில் என் மனக்குறை.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல பிடி இருந்தது: பொருள் தரக்குறைவு என்றால், நடத்துபவர் தான் கொடுத்த நஷ்ட ஈட்டை, அந்தப் பொருளைச் சப்ளை செய்த நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாம். போபால் விஷவாயு விபத்தின் பாடத்தில் வந்த விதி. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டத்தில் அது போய்விட்டது. வரம்பு மட்டும் இருக்கிறது. பதிலுக்கு உங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.

கடலுக்குப் போக முடியாமல் இழக்கும் வருமானமும் 2010 சட்டத்தின் வரையறைக்குள் வந்தது. எதற்கும் படகுப் பதிவையும் மீன் ஏலம் போன துண்டுச் சீட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.