அந்த 22 விநாடி

கேள்வி: அன்புள்ள அக்கா, 18 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெண், அவளிடம் பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவரும் ஓர் இளைஞன், இவ்வளவுதான் கதை. அவள் அறிமுகமாகும் காட்சி 22 விநாடி. காதோர முடிக்கற்றை, கழுத்து, உதட்டைக் கடிக்கும் பல், கடைசியில் முகம். எல்லாம் ஸ்லோமோஷனில், வயலினோடு. பார்த்தவர்கள் எல்லாரும் 'கவிதை' என்றார்கள். ஒலிப்பதிவு செய்த என் தோழி மட்டும் 'சுத்தமான ஆம்பளைப் பார்வை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆபாசமாக ஒரு ஃபிரேம்கூட இல்லை. அவள் போட்டிருப்பது முழுக்கைச் சட்டை. அழகை ரசிப்பதே ஆணாதிக்கமா? பெண்களும்தானே பெண்களை இப்படிப் பார்க்கிறார்கள்? ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் தூங்குங்கள். அழகை ரசித்ததற்காக உங்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

ஆனால் முழுக்கைச் சட்டையைக் காட்டி இந்த வழக்கில் ஜெயிக்க முடியாது. ஆபாசம் வேறு, ஆண் பார்வை வேறு. பெண்ணைப் பார்க்கிறவளாக இல்லாமல் பார்க்கப்படுகிறவளாகவே காட்டுவதுதான் ஆண் பார்வை. உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்திலும் அவள் எப்படித் தெரிகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் நீங்கள் அவளுக்குக் கொடுத்திருப்பதே பார்க்கிற வேலை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மற்றவர் கண்ணுக்குப் படாததைப் பார்த்துப் பிழைக்கிறவள் அவள்.

'ஆண் பார்வை' என்ற சொல்லைச் சினிமாப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர் லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1975இல் வெளிவந்த ஒரு கட்டுரையில். அவர் எடுத்துக்கொண்டது அன்றைய ஹாலிவுட் படங்களை. ஒரு படத்தில் மூன்று பார்வைகள் உண்டு என்றார்: கேமரா பார்ப்பது, அரங்கில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. முதல் இரண்டும் மூன்றாவதற்குள், பெரும்பாலும் நாயகனின் கண்ணுக்குள், போய் ஒளிந்துகொள்கின்றன. பெண் திரையில் தோன்றியதும் கதை நகராமல் நின்றுவிடுகிறது என்றும் எழுதினார். உங்கள் 22 விநாடியில் கதை ஒரு அங்குலமாவது நகர்கிறதா? அதைவிட வேடிக்கை, நீங்கள் எழுதி அனுப்பிய காட்சி வரிசைப்படி அந்த இளைஞன் உள்ளே வருவதே அதற்குப் பிறகுதான். அறையில் அவள் தனியாக இருக்கிறாள். அப்படியானால் அவள் உதட்டை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது யார்?

சினிமாவுக்கு முன்பே ஓவியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். குளிக்கும் சூசன்னாவை இரண்டு கிழவர்கள் ஒளிந்திருந்து பார்த்து மிரட்டும் விவிலியக் கதையை ஐரோப்பாவில் பலரும் வரைந்தார்கள். 1550களில் தின்தொரெத்தோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்ததில் அவள் உடம்பு முழுக்க வெளிச்சம், எதிரே கண்ணாடி, பக்கத்தில் நகைகள். ஒரு கிழவன் புதருக்குக் கீழே தலையை நீட்டுகிறான், இன்னொருவன் தூரத்தில் எட்டிப் பார்க்கிறான். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. படத்தின் முன்னால் நிற்கிற நாம் மூன்றாவது கிழவனாகிவிடுகிறோம், அதுவும் எல்லாரையும்விட நல்ல இடத்தில். 1610இல் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற இத்தாலியப் பெண் ஓவியர் அதே கதையை வரைந்தபோது அவருக்கு 17 வயது. தோட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு கல் இருக்கை, அதன் சுவருக்கு மேலிருந்து கவிழ்ந்து ரகசியம் பேசும் இரண்டு ஆண்கள். அவள் உடம்பு முறுக்கிக்கொள்கிறது, கைகள் தடுக்கின்றன, முகம் அருவருப்பில் திரும்புகிறது. இதிலும் அவளுக்கு ஆடை கிடையாது. ஆனால் இந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது அவளைப் பார்ப்பதற்கு முன் நமக்கு அவளுடைய சங்கடம் வந்துவிடுகிறது. உங்கள் சட்டை வாதம் ஏன் எடுபடாது என்பதற்கு இந்த இரண்டு படங்களும் போதும்.

ஆணாதிக்கம் என்பது பெரிய சொல்லாகத் தோன்றினால் இதையும் கேளுங்கள். 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக்கழகம் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண் ஓவியர்கள் இருந்தார்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகள் கழித்து யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் உறுப்பினர்களை ஒரே படத்தில் வரைந்தார். உடல் வரையும் அறை, ஆடையில்லாத ஆண் மாடல், சுற்றிலும் ஆண் உறுப்பினர்கள். பெண்கள் அந்த அறையில் இருக்கலாகாது. அதனால் அவர்கள் இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு சட்டகப் படங்களாக வரைந்துவிட்டார்! தூரிகை பிடித்தவர்கள் ஆணியில் தொங்குகிறார்கள். அங்கே மாணவிகளுக்கு அந்த வகுப்பின் கதவு திறந்தது 1893இல்தான், அதுவும் மாடல் இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பெண்களும் இப்படிப் பார்ப்பதில்லையா என்கிறீர்கள். பார்க்கிறோம். நானே சாட்சி. முப்பது வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் பக்க வடிவமைப்பில் இருந்தேன். பெண் விஞ்ஞானி ஒருவரின் பேட்டிக்கு இரண்டு புகைப்படங்கள் வந்தன. ஒன்றில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார், விரல் அதன் திருகில். இன்னொன்றில் அதன் பக்கத்தில் நின்று நம்மைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த படத்தை எடுத்து, தோளோடு வெட்டி, பெரிதாகப் போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு பொறியாளர், வரைபடத்தின் மேல் குனிந்து, முகம் பாதி இருட்டில். அவரை வெட்டவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறார், அதுதான் அழகு என்று தோன்றியது. எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை, கை தானாகப் போனது. இதழ் வெளிவந்ததும் அந்த விஞ்ஞானி தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நுண்ணோக்கி எங்கேம்மா போச்சு?"

அந்தப் பார்வை நம் உடம்புக்குள்ளேயே குடியேறிவிடும் தம்பி. மாடிப்படி ஏறும்போது பல பெண்களின் ஒரு கை தானாகவே பின்னால் போய்ச் சட்டையை இழுத்துவிடும், பின்னால் ஆளே இல்லாவிட்டாலும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் இழுக்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் யோசனையில் இருந்தால் "ஏன் உம்முனு இருக்கீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று யாராவது சொல்வார்கள். யோசித்துக்கொண்டிருக்கும் ஆணிடம் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சரி, படத்துக்கு வருவோம். காட்சியைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். உதட்டைக் கடிக்கும் ஷாட் இருக்கட்டும். ஏன் கடிக்கிறாள்? இடுக்கியின் நுனியில் எள்ளளவு திருகாணி ஒன்று நழுவப் பார்க்கிறது என்பது முந்தைய ஷாட்டில் நமக்குத் தெரிந்துவிட்டால், அதே குளோசப்பில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அரை நாள் படப்பிடிப்புக்கு வழி இருந்தால் கேமராவை அவளுடைய லென்ஸுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பல்சக்கரங்கள், துருவின் ஒரு பொட்டு, மயிரிழைச் சுருள் ஒன்று நாடிபோலச் சுருங்கி விரிவது. இளைஞன் உள்ளே வரும்போது அவள் உடனே நிமிர வேண்டாம். லென்ஸ் போட்ட கண்ணோடு ஒருமுறை அவனைப் பார்க்கட்டும். அவன் முகம் அதில் மங்கலாகத்தான் தெரியும். கடிகாரத்தை நீட்டும் கை மட்டும் கிட்டே வரவரத் துலங்கும். எனக்கு அந்த ஷாட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஸ்லோமோஷன் உங்கள் இஷ்டம்.

தோழியிடம் வாதாடப் போகாதீர்கள். சட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அவர் ஒரு மாலை முழுக்க மைக்கை வைத்துப் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்களின் துடிப்பைத் தனித்தனியாகப் பதிவு செய்தார் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 22 விநாடியில் அதையெல்லாம் அணைத்துவிட்டு வயலினை வைத்திருக்கிறீர்கள். அவர் எழுந்து போனது எந்த விநாடியில் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அந்த ஒலிக்கோப்புகள் இன்னும் அவரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா