நீண்ட தூரம் சைக்கிளில் போனவர்கள் சொல்லுங்கள்: ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குப் புதிய தொழில்நுட்பம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறதா?

சேர்ந்திருக்கிறது. ஆனால் கடைசிக் கொஞ்ச தூரத்தை யாராவது ஒருவர் நடந்துதான் கடக்க வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்தேன். அதில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம் என்று போன மூன்று நாள்தான் இன்னும் மனசில் நிற்கிறது. (ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏற்றத்தில் மிதிக்கவில்லை, தள்ளினேன்.)

அஞ்செட்டி தாண்டி ஒரு ஊர். டீக்கடைத் தூணில் க்யூஆர் அட்டை பளபளவென்று தொங்கியது. போனை எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார். "அது இருக்குதுங்க, டவர்தான் இல்ல. காசு இருந்தா குடுங்க, இல்லாட்டி பாறைக்குப் போயிட்டு வாங்க."

அந்தப் பாறையை நானும் பார்த்தேன். ஊருக்கு மேலே, கால் மணி நேர நடை. வழியில் நூறு நாள் வேலைக்காரர்கள் கல்வரப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஜனவரி 1 முதல் எல்லாப் பொது வேலைத்தளத்திலும் ஆப் வழியாகத்தான் வருகைப்பதிவு. ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுக்க வேண்டியிருந்தது. படம் எடுக்க நெட் தேவைப்படவில்லை, ஏற்றத்தான் தேவைப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் இருபது வயசு சொச்சம் இருக்கும் ஒரு பெண். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, வெயிலுக்கு முந்தானையை இழுத்துவிட்டிருந்த பாட்டியிடம் "மூஞ்சியக் காட்டு அவ்வா" என்று அதட்டிப் படம் பிடித்தார். அப்புறம் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பாறைக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். உச்சியில் ஒரு மரத்தடியில், சரியாக ஒரு இடத்தில் கல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நின்றால் சிக்னல் இரண்டு கோடு வரும். இறங்கினால் ஒன்றுமில்லை. வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. "நேத்து ஏறல சார். நேத்து கூலி என்ன ஆகுமோ" என்றார். அவர் ஏறி இறங்குகிற நடைக்கு எந்த ஆப்பிலும் கணக்கு இல்லை.

அவருடைய தங்கை ஓசூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். ஐபோனின் வெளிக்கூடு செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் அந்தப் பக்கம்தான், மின் ஸ்கூட்டர் செய்யும் ஓலா ஆலை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில். தங்கையிடம் பேசவும் இவர் அந்தக் கல்மேல்தான் ஏற வேண்டும்.

அதற்காகப் புதிய கருவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராகி அறுப்புக் காலம் அது. பரணில் காவல் இருந்தவர்களிடம் தீப்பந்தம் இல்லை, சார்ஜ் போடும் எல்இடி டார்ச். டவர் கிடைக்கிற பக்கத்து ஊர்களில் "ஆனை ஓடையில எறங்கிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் குரல் வருகிறது. இதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

பென்னாகரம் பக்கத்தில், அப்போது சாலை இல்லாத கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் வாக்கு இயந்திரம் கழுதை முதுகில்தான் போனது, ஞாபகம் இருக்கலாம்.

நீங்கள் அந்தப் பக்கம் போவதானால் சில்லறையாக ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், மேப்பை ஓசூரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அஞ்செட்டி–ஒகேனக்கல் காட்டு வழியைப் பொழுது சாயுமுன் தாண்டிவிடுங்கள்.