காட்டுமாடும் குலைநோயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நெற்பயிரைப் பூஞ்சாணம் தாக்கி வரும் குலைநோய் பற்றிய கட்டுரையில் ‘காட்டுமாட்டைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் அழகர்மலை அடிவாரம். கதிர் முற்றும் நாளில் ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிறோம். ஒரு டன் எடையுள்ள மாட்டோடு கண்ணுக்கே தெரியாத பூஞ்சாணத்தை ஒப்பிட்டது எங்கள் கஷ்டத்தைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றியது.

– ஒரு வாசகர், மேலூர் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. தூக்கம் கெட்டவர் காதில் அந்த வரி எப்படி விழும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் ஒப்பீட்டை விட மனமில்லை.

மாடு வேலியை முறிப்பது உடல் பலத்தால். பூஞ்சாணம் நுழைவதும் பலத்தால்தான். மார்கழிப் பனியில் நனைந்த தோகையில் அதன் வித்து ஒட்டி, முளைத்து, நுனியில் குமிழாக ஊதுகிறது. கறுப்பு நிறமி பூசிய அந்தக் குமிழுக்குள் அழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல்! அந்த வேகத்தில் இலைத்தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சாணக்கொல்லி மருந்து அந்த நிறமி உருவாவதைத்தான் தடுக்கிறது. நிறமி இல்லாவிட்டால் குமிழில் அழுத்தம் நிற்காது. அதனால்தான் மருந்தை முந்தி அடிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, பரிணாம வழியில் உறவுமுறை பார்த்தால் பூஞ்சாணம் நெல்லைவிடக் காட்டுமாட்டுக்குத்தான் நெருக்கம்.

என் மாமா வயலில் ஒரு தை மாதம் பார்த்தேன். கதிர்கள் வெளேரென்று நிமிர்ந்து நின்றன. பார்த்தவர்கள் குருத்துப்பூச்சி என்றார்கள். மாமா ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். உருவிக்கொண்டு வரவில்லை; கறுத்திருந்த கழுத்துக் கணுவில் ஒடிந்தது. கசக்கினால் அத்தனையும் பதர். பயிர் பச்சை கட்டட்டும் என்று யூரியாவைக் கூடுதலாகப் போட்டிருந்தார்; அதுவே குலைநோய்க்குத் தீனியாகிவிட்டது.

மாடு வந்தால் குளம்புத் தடம் இருக்கும். ஊர் கூடும். வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். குலைநோய்க்குத் தனி வயலைப் பார்த்துக் காப்பீடு தருவதில்லை, ஊரளவில் விளைச்சல் விழுந்தால்தான். மாமா யாரிடமும் சொல்லவேயில்லை. ‘வெள்ளாமை பார்க்கத் தெரியாதவன்’ என்று பேசுவார்களே என்று குறுகிப்போனார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். ‘பயம்’ என்று நான் எழுதியது தப்பு, திருத்திக்கொள்கிறேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். விடியக் காவல் முடிந்து திரும்பும்போது வரப்போரம் நாலு தோகையைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக, இரு முனையும் கூர்ந்த கண்போலப் புள்ளி இருந்தால் யூரியாவை நிறுத்திவிட்டு, அந்தத் தோகையை அன்றைக்கே வேளாண் அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.