மரத்தின் எடை

வணக்கம் அண்ணா,

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். அனிமேஷன் படிக்கிறேன். இறுதியாண்டு வேலைக்காக, மரக்குற்றி இழுக்கும் யானை ஒன்றைப் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். 40 செக்கன்தான். தோலின் சுருக்கம், நிறம் எல்லாம் வடிவாக வந்திருக்கிறது. நின்றால் யானை, நடந்தால் றப்பர் பொம்மை. பெரிய படங்களில் தசையைத் தனியாகச் செய்து அசைக்கிறார்களாம், அந்த மென்பொருள் இல்லாமல் ஒன்றும் சரிவராது என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய மடிகணினி. யானையை விட்டுவிட்டு ரோபோ ஒன்று செய்யட்டுமா? வீடியோவை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

ரோபோவை விடுங்கள். வீடியோவை நாலைந்து தரம் பார்த்தேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. முதலில் அந்தப் பாதி.

எலும்புக்கூட்டைப் போட்டு, தோலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘இந்த எலும்புக்கு இவ்வளவு, அந்த எலும்புக்கு இவ்வளவு’ என்று வெயிட் பூசியிருக்கிறீர்கள். மூட்டு மடங்கும்போது மென்பொருள் இரண்டுக்கும் சராசரி எடுக்கும். அந்த இடத்தில் சதை காணாமல் போய்விடும். மடக்கினால் ஒடுங்கும், முறுக்கினால் டொபித் தாள் மாதிரி நடுவில் இறுகும். உயிருள்ள சதை அப்படிக் குறையாது. பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். தும்பிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓர் எலும்பும் இல்லை. நீண்டால் மெலியும், சுருங்கினால் தடிக்கும். உங்கள் யானையின் தும்பிக்கை எவ்வளவு நீண்டாலும் அதே தடிப்பில் இருக்கிறது. பிளெண்டரில் எலும்புக்கூட்டோடு தோலை அசைக்கும் ஆமெச்சர் மொடிஃபையரில் ‘பிரிசர்வ் வால்யூம்’ (கனஅளவைக் காப்பாற்று) என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் சரி போட்டால் மூட்டு முறுக்கு ஓரளவு தீரும். தும்பிக்கைக்கு, நீளும்போது மெலிய வைக்கும் ‘ஸ்ட்ரெச் டு’வைப் பாவித்துப் பாருங்கள்.

அடுத்தது வழுக்கல். உங்கள் யானையின் தோல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் ஒட்டியிருக்கிறது. யானைக்குக் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு முதுகோடும் விலாவோடும் மூட்டுப் போடாமல் தசையில் தொங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் அது தோலுக்கு அடியில் போய்வரும், தோல் தன்பாட்டில் மேலே கிடக்கும். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனால் காலைப் பார்க்காதீர்கள், தோளுக்கு மேலே பாருங்கள். நவம் பெரஹரா ஊர்வலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். அங்கே யானையை உடுப்பால் மூடிவிடுவார்கள். ஆனால் எனக்கு இந்த விஷயம் விளங்கியதே அந்த உடுப்பால்தான். ஒரு பெப்ரவரி இரவு கங்காராம விகாரைப் பக்கம் கூட்டத்தில் நெரிபட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யானை அடிவைத்து நின்ற பிறகும் துணி கொஞ்சம் முன்னே போய்த் திரும்பியது. கட்டிய இடத்தில் இழுபட்டது, மற்ற இடத்தில் வழுக்கியது. பெரிய ஸ்டூடியோக்களிலும் மேல்தோலைத் துணியைக் கணிக்கிற மாதிரித்தான் கணிப்பார்கள். கண் ஓரம், வாய், நகம் என்று சில இடங்களில் இறுக்கிக் கட்டிவிட்டு மற்றதைத் தசையின் மேல் வழுக்க விடுவார்கள்.

அதற்கும் அடியில்தான் நண்பர்கள் சொல்லும் வித்தை இருக்கிறது. ஒவ்வொரு தசையையும் ஏராளமான சின்ன நான்முகிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடும், எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் கணிப்பது. நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டல் ஸ்டூடியோவில் ‘டிஷ்யூ’ என்ற பெயரில் இதைச் செய்தவர்களுக்கு 2013இல் ஒஸ்கார் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் இதில் கைவைத்தேன். இங்கே ஓர் இடத்தில் பால்மா விளம்பரத்துக்கு மாடு செய்தோம். சென்ரிமீற்றர் கணக்கில் 150 அலகு உயரம். கணிக்கும் மென்பொருள் அதை மீற்றர் என்று எடுத்துக்கொண்டது. தாமரைக் கோபுரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு மாடு! (கோபுரம் அப்போது கட்டி முடியவில்லை, மாடு முந்திவிட்டது.) இரவு முழுக்கக் கணிக்க விட்டு விடியப் பார்த்தால், சதை கூழாகி வயிற்றுக்குக் கீழே வழிந்து தொங்குகிறது. உண்மையிலேயே அப்படியொரு மாடு இருந்தாலும் அப்படித்தான் வழியும். உயரம் 100 மடங்கானால் எடை 10 இலட்சம் மடங்காகும், அதைத் தாங்கும் காலின் குறுக்குவெட்டு 10,000 மடங்குதான் ஆகும். கலிலியோ 1638இலேயே எழுதிவைத்தது. விளம்பரம் கடைசியில் மாடு இல்லாமல் போனது.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன். இயற்கையில் தசை சுருங்குகிறது, எலும்பு அசைகிறது. அனிமேஷனில் நேர்மாறு. நீங்கள் எலும்பை அசைக்கிறீர்கள், தசை பின்னால் ஓடிவந்து தானே இழுத்ததுபோல் நடிக்கிறது. விலை கூடிய மென்பொருளிலும் பெரும்பாலும் இதுதான் கதை. கையைச் சும்மா மடக்கிப் பாருங்கள். அப்புறம் குசினியில் இருக்கும் எரிவாயு சிலிண்டரைத் தூக்கி அதே கோணத்தில் மடக்கிப் பாருங்கள். கோணம் ஒன்றுதான். ஆனால் தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு அடைபடும். எலும்பின் கோணத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குச் சிலிண்டரின் பாரம் போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் ‘இந்த இடத்தில் இந்தத் தசை இறுகட்டும்’ என்று அங்கேயும் ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் யானைக்கும் மரம் எவ்வளவு பாரம் என்று தெரியவில்லை. 12ஆவது செக்கனில் சங்கிலி இறுகுகிறது, யானை அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அது மரமா, ரெஜிஃபோமா? சங்கிலி இறுகியதும் யானை ஒரு கணம் நிற்க வேண்டும். தலை தாழ வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், பின்கால் ஊன்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் மரம் அசைய வேண்டும். அசைந்த பின் வைக்கும் முதலடி சின்னதாக இருக்கட்டும். இன்னொன்று: 31ஆவது செக்கனில் நாலு காலும் நிலத்தை விட்டு எழும்புகின்றன. யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது நிலத்தில் இருக்கும்.

இவ்வளவுக்கும் உங்கள் மடிகணினி போதும். நடை சரிவந்த பிறகு தோளிலும் தொடையிலும் தசை புடைக்க இரண்டு ஷேப் கீ (புடைத்த வடிவத்தைச் செய்துவைத்து, வேண்டியபோது கூட்டிக் குறைப்பது) போடுங்கள். அவற்றை மூட்டின் கோணத்தோடு கட்டாதீர்கள். சங்கிலி இறுகும் நேரத்தில் கையாலேயே ஏற்றுங்கள். சதைக் குலுக்கம் வயிற்றுக்கும் தாடைக்குக் கீழும் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். மரத்தையும் சங்கிலியையும் மறைத்துவிட்டு, நிறமும் இல்லாமல், வெறும் சாம்பல் யானையை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். அதை வீட்டில் அனிமேஷன் தெரியாத யாருக்காவது காட்டி, இது என்ன செய்கிறது என்று கேளுங்கள். ‘நடக்குது’ என்றால் திரும்ப உட்காருங்கள். ‘எதையோ இழுக்குது’ என்றால் எனக்கு அனுப்புங்கள், தோலைப் பற்றி அப்போது கதைப்போம்.