பலூன் உடைக்கும் பயிற்சி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

குடியாத்தம் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். கவுன்சிலர் வேலை என்றதும் மாமனாரின் நண்பர் "எந்த வார்டும்மா?" என்று கேட்டார், அது வேறு கதை. சென்ற மாதம் வேலூரில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் பன்முகத்தன்மை பற்றிய விழிப்புணர்வு, இரண்டாம் நாள் ஆலோசகர்களின் மனநலம். முதல் நாள் திரையில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பக்கம் ஓடியது. இஸ்லாமியப் பெண்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள், மலைவாழ் மக்கள் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள், இப்படி. மறுநாள் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மனபாரத்தை எல்லாம் அதற்குள் ஊதி உடைக்கச் சொன்னார்கள். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

அந்த வாரமே வாணியம்பாடிப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். வீட்டில் உருது பேசுகிறவள். பேசி முடிக்கும்வரை அவள் என் கண்ணைப் பார்க்கிறாளா என்றே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் நேராகத்தான் பார்த்தாள். அவள் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை.

இன்னொன்று, கேட்கிற கதைகள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றன. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். இந்தப் பயிற்சிகளால் ஏதாவது பயன் உண்டா? நான் உருது படிக்க வேண்டுமா? நீங்கள் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கண் விவகாரம்தான். உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1998இல் அமெரிக்காவில் மெலனி டெர்வலோன், ஜேன் மர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரம் ஆன ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண்மணி வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் வந்த ஒரு மருத்துவர், அவரும் லத்தீன் அமெரிக்கர், "ரொம்ப வலிக்கிற மாதிரி இருக்கிறதே" என்கிறார். கறுப்பினத்தவரான செவிலியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மக்கள் வலியைக் கூட்டித்தான் காட்டுவார்கள் என்று படிக்கும்போதே பாடத்தில் படித்திருக்கிறேன் என்கிறார். பாடம் படிக்காத ஒருவராக இருந்தால் ஒருவேளை ஒரு ஊசி போட்டிருப்பார். 'பண்பாட்டில் தேர்ச்சி' என்று அதுவரை சொல்லிவந்த இடத்தில் 'பண்பாட்டுப் பணிவு', அதாவது எல்லாம் தெரியும் என்று நினைக்காமல் வந்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது, என்று சொல்லலாம் என அவர்கள் எழுதியது இதனால்தான்.

அதற்கு முன்பே, 1992இல், டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் அவர் நண்பர்களும் ஆலோசகருக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்தியிருந்தார்கள். முதலில் வருவது ஆலோசகர் தன்னைத் தெரிந்துகொள்வது: நம் ஊரில் என்றால் தன் சாதி, மதம், வளர்ப்பு, தனக்கு எது இயல்பாகப் படுகிறது, எது அருவருப்பாகப் படுகிறது. வந்தவரைப் பற்றித் தெரிந்துகொள்வது அதற்கு அப்புறம். நம் ஊர்ப் பயிற்சிகளில் முதலாவது காணாமல் போய்விடுகிறது. வாணியம்பாடிப் பெண்களைப் பற்றித் திரையில் ஒரு பக்கம் போட்டுவிடலாம். அறையில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரைப் பற்றிப் போட முடியுமா? போட்டால் மதிய பிரியாணிக்குள் சண்டை வந்துவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஆரணிக்காரி. அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி சோதனையும் ஆலோசனையும் நடக்கிற இடத்தில், பல வருடம் ஆலோசகராக இருந்தேன். அரசு மருத்துவமனைகளில் எங்களுக்கென்று ஒரு நாற்காலி பரவலாகக் கிடைத்ததே எச்ஐவி வந்த பிறகுதான். அந்தக் கதையிலும் வேலூர் உண்டு. 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் இரவு ரயிலில் காட்பாடிக்கு வந்து, சிஎம்சி மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் தெரியவந்தது.

அங்கே ஒருமுறை ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண் வந்திருந்தாள். விரல் நுனியில் சொல்யூஷன் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. பேசும்போது அதைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். தூக்கமே இல்லை என்றாள். நான் அப்போதுதான் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். "காலையில அரை மணி நேரம் நடங்க, நல்லா தூக்கம் வரும்" என்றேன். அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "நாலு மணிக்கு எழுந்து தண்ணி புடிச்சு, சோறாக்கி, ரெண்டு டப்பா கட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரைக்கும் நடந்துதாம்மா வரேன். அது நடையில சேராதா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இது நடந்து பல வருடம் ஆகிறது, இன்னும் யாராவது நடைப்பயிற்சி என்றால் அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அவளாவது சிரித்தாள். சிரிக்காமல் போன ஒருவன் உண்டு. இருபது வயதிருக்கும். பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று "எந்த ஊருப்பா?" என்றேன். கே.வி.குப்பம் பக்கம் என்றான். "பக்கம்னா? ஊருக்குள்ளயா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன், பஸ் வசதி பற்றி ஏதோ சொல்ல நினைத்து. "பஸ் ஸ்டாப்புல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி" என்றான். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை மட்டும்தான். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் ஊருக்குள்ளயா, காலனியா என்பது முகவரி விசாரணை இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எனக்கு மட்டும் அந்த நிமிடம் தெரியாமல் போனது, ஏனென்றால் அந்தக் கேள்வி என்னை ஒருநாளும் எதுவும் செய்ததில்லை. அவன் மறுபடி வரவில்லை.

உங்கள் பயிற்சியில் சாதி பற்றி ஏதாவது சொன்னார்களா? கடிதத்தில் இல்லை, அதனால் கேட்கிறேன். நான் போன பயிற்சிகளில் மதம் வரும், பாலினம் வரும், மாற்றுத்திறன் வரும், சாதி வரும்போது டீ வந்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிக் கூச்சப்படவில்லை. அதன் 18ஆம் பிரிவு, யாருக்கும் பாகுபாடில்லாமல் மனநலச் சேவை கிடைக்க வேண்டும் என்று சொல்லும்போது பாலினம், பாலீர்ப்பு, மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், ஊனம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிடுகிறது. அடுத்த பயிற்சிக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்து எடுத்துப் போங்கள். சண்டை போட வேண்டாம், "இதுக்கு எந்த நேரம் ஒதுக்கியிருக்கீங்க சார்?" என்று கேட்டால் போதும்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு நான் அடிக்கடி சொல்கிற உதாரணம் ஒரு நீதிபதி. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்பு, வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். எனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, என் மனதிலும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர் ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். அதன் பிறகுதான் அந்த ஜூன் மாதத்து உத்தரவு வந்தது. ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்பதும் அதில் இருந்தது. நீதிபதியே போய்க் கேட்கலாம் என்றால், பி.ஜி. டிப்ளமோ வைத்திருக்கிற நமக்கு என்ன வந்தது?

அரசாங்கம் நமக்கு வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்: ஆற்றுப்படுத்துநர். மனதை ஆற்றுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள், அதிலும் தப்பில்லை. ஆனால் ஆற்றுப்படை என்பது வழி சொல்லி அனுப்புவது. அதில் ஒன்று நம் மண்ணைப் பற்றியதே. மலைபடுகடாம் என்ற அந்தச் சங்கப் பாட்டின் தலைவன் நன்னன் செங்கத்துக்காரன், பழைய வட ஆர்க்காடு மாவட்டம்தான். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற கூத்தன் எதிரே வருகிற கூத்தனுக்கு, எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், யானையை விரட்ட எறிகிற கவண்கல் எங்கே பாய்ந்து வரும், எந்த மக்கள் என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். அதுவும் பட்டியல்தானே அக்கா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், பட்டியல்தான். ஆனால் அவன் அந்த வழியில் நடந்து, அந்த வீடுகளில் சாப்பிட்டு வந்தவன். உங்களுக்குத் திரையில் காட்டியவர் ஜவ்வாது மலைக்குப் போய் பஸ்ஸுக்குக் காத்திருந்திருந்தால், அந்த மக்கள் ஏன் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டிருப்பார்.

மொழிக்கு வருகிறேன். எங்கள் படிவத்தில் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று கட்டங்கள் இருக்கும். வந்து உட்கார்கிறவர் "மனசே பேஜாரா கீதும்மா" என்பார். பேஜாருக்குக் கட்டம் கிடையாது. ஆரம்பத்தில் மனச்சோர்வு என்று குறித்துவிடுவேன். பிறகு "பேஜார்னா எப்படி இருக்குது?" என்று கேட்கப் பழகினேன். ஒருவருக்கு அது கோபம், ஒருவருக்குக் கடன், ஒருவருக்குச் சாகலாம் என்ற நினைப்பு. மூன்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டிருப்பேன். அந்தச் சொல்லே உருது வழியாக நமக்கு வந்ததுதான், யாருக்கும் ஞாபகமில்லை.

மொழிபெயர்க்க வீட்டு ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருந்த குடும்பம் ஒன்று ஒருநாள் எங்களிடம் வந்தது. மருமகளுக்கு வங்காளி மட்டும்தான் தெரியும், மாமியாருக்குக் கொஞ்சம் இந்தி, எனக்கு அதைவிடக் கொஞ்சம் இந்தி. மருமகள் நாலு நிமிடம் அழுதுகொண்டே பேசினாள். மாமியார் என் பக்கம் திரும்பி, "ஒன்றும் இல்லை என்கிறாள்" என்றார்.

சரி, இரண்டாம் நாளுக்கு வருவோம். முதல் நாள் பாடமும் இரண்டாம் நாள் பாடமும் வேறு வேறு என்று நினைத்ததுதான் அந்தப் பயிற்சியின் பெரிய கோளாறு என்று நினைக்கிறேன். ஒரு புதன்கிழமை காலையில், மூன்று வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோன செய்தி வந்தது. வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். நாலு மணிக்கு வந்த பெண்ணின் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறவன். அவள் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்தது: "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

எந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாது என்று நான் வைத்திருந்த வாக்கியம் அது. என் அம்மா என் அக்காவிடம் ஆரணி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வாக்கியம். படித்ததெல்லாம் தெம்பு இருக்கிறவரைக்கும்தான் வரும். தெம்பு தீர்ந்தால் நம் வாயில் பேசுவது நாம் வளர்ந்த தெரு. 1974இல் இந்தக் களைப்புக்கு 'பர்ன் அவுட்' என்று பெயர் சொல்லி எழுதிய உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கரும் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் ராப்பகலாக வேலை செய்து தானே கருகிப்போனவர்தான்.

எனக்கு உதவியது காசநோய்ப் பிரிவில் இருந்த ஒரு தோழி. நம் அலுவலகங்களில் சூப்பர்விஷன் என்றால் யாரோ வந்து நோட்டில் பச்சை மையால் கையெழுத்துப் போடுவது. நாங்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு டீ. ஊர் கிடையாது, பேர் கிடையாது. ஒரே கேள்விதான்: "இன்னிக்கு யார் மேல எரிச்சல் வந்துச்சு?" யார் மேல் பரிதாபம் வந்தது என்று கேட்டால் எல்லோரும் நன்றாகப் பதில் சொல்வோம். எரிச்சலைக் கேட்டால்தான் திணறுவோம். மூன்று மாதத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. எனக்கு எரிச்சல் வருவது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் அம்மாக்கள் மேல். அந்தச் சமயத்தில் என் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. தோழிக்கு வந்தது தமிழ் சுத்தமாகப் பேசுகிறவர்கள் மேல், கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பக்கத்துக் கல்லூரியில் ஆலோசகர் யாராவது இருந்தால் வாரம் ஒரு போனாவது போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் பார்க்க மாட்டேன் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. அப்புறம் அந்த இரண்டு மணி விழிப்பு. மாணவர்களுக்கு 14416, டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண்ணைச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். அந்த எண் ஆலோசகர்களுக்கும் வேலை செய்யும், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் போனோடு நிறுத்தாமல் ஒரு மனநல மருத்துவரையே பாருங்கள்.

உருது படியுங்கள். எழுத்துவரைக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே வீடுகளில் பேசுகிற தக்கினி உருது காதுக்குப் பழகட்டும். "தில் கப்ராரா" என்று ஒரு பெண் சொன்னால் அதை உடனே பதற்றம் என்று கட்டத்தில் அடைக்காமல், அவள் எந்த இடத்தில் கை வைத்துச் சொல்கிறாள் என்று பார்க்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த மாணவியிடம் கற்றுக்கொள்ளாதீர்கள், அவள் உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. உங்கள் கல்லூரி ஆபீஸிலோ நூலகத்திலோ உருது பேசுகிற ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். மதியம் அவரோடு சாப்பிட உட்காருங்கள்.

அவள் மறுபடி வந்தாளா என்று எழுதவில்லையே? வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். "போன தடவை நான் சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்றியா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா